திருப்தியானார்கள், பிறகு மறந்தார்கள்: ஓசியா 13:6 குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையின் புதன்கிழமை வேதபாடத்தில் ஓசியா தீர்க்கதரிசியின் புஸ்தகத்தை அதிகாரம் அதிகாரமாகப் படித்தோம். 14 அதிகாரங்கள்தான், ஆனாலும் பல மாதங்கள் பிடித்தன. படிக்கப் படிக்க ஒரே வசனத்துக்குத்தான் திரும்பத் திரும்ப வந்து நின்றோம். அப்போது எழுந்த கேள்விகளையும், பிறகு பலர் தனியாகக் கேட்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன். வசனங்கள் நம் கையில் வழக்கமாக இருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

எந்த வசனத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

ஓசியா 13:6. "தங்களுக்கு இருந்த மேய்ச்சலினால் திருப்தியானார்கள், திருப்தியானபின்பு அவர்கள் இருதயம் மேட்டிமையாயிற்று, அதினால் என்னை மறந்தார்கள்."

இதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். "மகா வறட்சியான தேசமாகிய வனாந்தரத்திலே உன்னை அறிந்துகொண்டேன்" என்கிறார் தேவன். ஒரு வரியில் வறட்சி, அடுத்த வரியில் மேய்ச்சல். தண்ணீர் இல்லாத இடத்தில் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள். புல் கிடைத்த இடத்தில் ஒருவர் மற்றவரை மறந்துவிட்டார்.

ஓசியா யார்? எந்தக் காலத்தவர்?

கி.மு. 8ஆம் நூற்றாண்டு. சாலொமோனுக்குப் பிறகு தேசம் இரண்டாகப் பிரிந்தது. வடக்கே இஸ்ரவேல், தெற்கே யூதா. வடக்கின் தலைநகரம் சமாரியா. ஓசியா வடக்கத்தி மனிதர் என்றே பெரும்பாலான ஆராய்ச்சியாளர்கள் கொள்கிறார்கள். அதே வடக்கை எச்சரித்த ஆமோஸ், தெற்கே தெக்கோவாவிலிருந்து வந்தவர். ஓசியாவோ தன் சொந்த ஜனத்தைப் பார்த்துப் பேசினார். அவருடைய பேச்சில் இருக்கும் வலி அதனால்தான் வேறு மாதிரி இருக்கிறது.

இரண்டாம் யெரொபெயாம் ராஜாவின் கடைசிக் காலத்தில் அவர் பேசத் தொடங்கினார். அந்த ராஜா 41 வருஷம் ஆண்டார் என்று 2 இராஜாக்கள் 14:23 சொல்கிறது.

அது உண்மையிலேயே செழிப்பான காலமா? தீர்க்கதரிசி மிகைப்படுத்துகிறாரா?

உண்மையிலேயே செழிப்பான காலம். காரணமும் தெரியும். வடக்கே இஸ்ரவேலை நெருக்கிக்கொண்டிருந்த தமஸ்குவை அசீரிய ராஜா மூன்றாம் அதாத் நிராரி அடக்கிவிட்டார். அதன் பிறகு அசீரியாவுக்கே உள்நாட்டில் தளர்ச்சி. இரண்டு பெரிய கைகளும் கழுத்தைவிட்டு எடுபட்ட அந்த இடைவெளியில், ஆமாத்தின் எல்லைமுதல் சவக்கடல்வரை தேசத்தின் எல்லைகள் திரும்பக் கிடைத்தன. வியாபாரப் பாதைகள் கைக்கு வந்தன. யாருடைய சாமர்த்தியம் அது? 2 இராஜாக்கள் 14:26 சொல்லும் காரணமே வேறு. இஸ்ரவேலின் மிகக் கொடிய உபத்திரவத்தைக் கர்த்தர் பார்த்தார் என்று அந்த அதிகாரம் எழுதிவைத்திருக்கிறது. தேசம் அதை அப்படி வாசிக்கவில்லை.

மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த சாட்சியும் உண்டு. 1910ல் ஜார்ஜ் ரைஸ்னர் தலைமையில் ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு சமாரியாவைத் தோண்டியபோது, மையால் எழுதிய பானை ஓடுகள் நூறையொட்டிக் கிடைத்தன. எல்லாம் சரக்குச் சீட்டுகள். பத்தாம் வருஷத்தில், இந்த ஊரிலிருந்து, இன்னாருக்கு, ஒரு ஜாடி பழைய திராட்சரசம். அல்லது ஒரு ஜாடி சுத்திகரித்த எண்ணெய். கிராமத்துத் தோட்டங்களிலிருந்து அரண்மனைக்கு உயர்ந்த சரக்கு வந்து இறங்கியதன் கணக்கு அது. ஓசியா 2:8ல் தேவன் "தானியத்தையும் திராட்சரசத்தையும் எண்ணெயையும்" கொடுத்தது நான்தான் என்று சொல்லும்போது, அந்த மூன்றில் இரண்டு அந்த ஓடுகளில் கையெழுத்தாகவே கிடக்கின்றன. 1930களின் அகழாய்வில் யானைத்தந்தத்தில் செதுக்கிய அலங்காரத் துண்டுகளும் குவியலாகக் கிடைத்தன. ஆமோஸ் திட்டிய தந்தக் கட்டில்கள் வெறும் அலங்காரப் பேச்சு இல்லை.

செழிப்பு வந்ததும் ஆலயத்துக்குப் போவதை விட்டுவிட்டார்களா? அதைத்தான் "மறந்தார்கள்" என்கிறாரா?

எங்கள் வேதபாடத்தில் எல்லோரும் முதலில் அப்படித்தான் நினைத்தார்கள். நானும் பல வருஷம் அப்படி நினைத்துத்தான் இந்த வசனத்தைப் பிறருக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஓசியா சொல்வது நேர்மாறானது.

10:1ஐப் பாருங்கள்: "அவன் தன் கனியின் திரளுக்குச் சரியாய்ப் பலிபீடங்களைத் திரளாக்குகிறான்." விளைச்சல் கூடக் கூட பலிபீடமும் கூடியது. 8:14 இன்னும் கூர்மையானது: "இஸ்ரவேல் தன்னை உண்டாக்கினவரை மறந்து கோவில்களைக் கட்டுகிறான்." மறப்பதும் கட்டுவதும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. இந்த இடத்தில் அரண்மனைகள் என்று மொழிபெயர்ப்பவர்களும் உண்டு, மூலச்சொல் இரண்டுக்கும் இடம் தரும். ஆனால் பலிபீடங்களைப் பற்றிச் சந்தேகமே இல்லை.

ஆராதனை குறையவில்லை. பண்டிகை நிற்கவில்லை. காணிக்கை கூடியிருக்கும். அப்படியிருக்க "என்னை மறந்தார்கள்" என்று தேவன் சொல்கிறார். ஓசியாவின் எச்சரிக்கையில் என்னை அதிகம் பயமுறுத்துவது இதுதான். ஆலயத்துக்கு வராதவனைப் பார்த்து "நீ மறந்துவிட்டாய்" என்று யாராவது சொல்லிவிட முடியும். முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவனிடம் யார் சொல்வது?

அப்படியானால் எதை மறந்தார்கள்?

கொடுத்தவர் யார் என்பதை.

2ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலை ஒரு மனைவியாக நிறுத்துகிறார் தீர்க்கதரிசி. அவள் தன் நேசர்களைப் பின்பற்றிப் போவேன் என்கிறாள். ஏன்? 2:5ல் அவளே பட்டியல் போடுகிறாள். எபிரெய மூலத்தில் ஆறு பொருள்கள், ஒவ்வொன்றிலும் "என்" ஒட்டியிருக்கிறது: என் அப்பம், என் தண்ணீர், என் ஆட்டுமயிர், என் சணல், என் எண்ணெய், என் பானம். இவற்றையெல்லாம் தருகிறவர்கள் அந்த நேசர்களாம்.

நாலு வசனம் தள்ளி 2:9ல் தேவன் அதே பொருள்களை எடுத்து, அதே "என்" என்ற சொல்லைப் போட்டுப் பேசுகிறார்: என் தானியம், என் திராட்சரசம், என் ஆட்டுமயிர், என் சணல். வீட்டுக்குள் நடக்கும் சண்டை மாதிரி இருக்கிறது இல்லையா, இது யாருடையது என்று? நடுவில் 2:8 நிற்கிறது: நான் கொடுத்தேன் என்று அவள் "அறியாமற்போனாள்". அவர் கொடுத்த வெள்ளியையும் பொன்னையும் கொண்டுபோய் பாகாலுக்கே ஆக்கினார்கள்.

பாகாலை ஏன் நம்பினார்கள்? சிலை மோகமா?

அவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தால் நியாயமாகத் தோன்றியிருக்கும். கானான் தேசத்தில் நைல் நதி மாதிரி வற்றாத ஆறு இல்லை, மழையை நம்பித்தான் பிழைப்பு. அந்த மண்ணில் மழைக்கும் விளைச்சலுக்கும் அதிபதி பாகால் என்பது பழைய நம்பிக்கை. சிரியக் கடற்கரையில் உகரித் என்ற பழைய நகரத்தில் 1929 முதல் கிடைத்த களிமண் பலகைகளில் பாகாலுக்கு மேகங்கள்மேல் ஏறிவருகிறவன் என்றே பட்டம். வனாந்தரத்தில் நடத்தியவர் கர்த்தர், சரி, ஆனால் விவசாயம் அவருக்குத் தெரியுமா? இப்படித்தான் எண்ணம் போயிருக்கிறது. போருக்கு ஒருவர், வயலுக்கு ஒருவர்.

அவர்கள் கர்த்தரை வெளியே தள்ளவும் இல்லை. சமாரியாவின் சரக்குச் சீட்டுகளில் கர்த்தரின் நாமம் சேர்ந்த பேர்களும் உண்டு, பாகால் பேர் சேர்ந்தவையும் உண்டு. சீனாய்ப் பக்கம் குந்தில்லத் அஜ்ருத் என்ற இடத்தில் 1975, 76ல் தோண்டியபோது கிடைத்த ஒரு பெரிய ஜாடியில் "சமாரியாவின் யாவே" என்றும் கூடவே "அவருடைய அஷேரா" என்றும் எழுதியிருந்தது. யாவே என்பது கர்த்தருடைய எபிரெய நாமம், அஷேரா என்பது கானானியப் பெண் தெய்வத்தின் பெயர். கலப்பு இப்படித்தான் நடந்தது, ஒரே மூச்சில், ஒரே ஆசீர்வாத வரியில்.

பாகால் என்ற சொல்லுக்கு எஜமான், உடைமைக்காரன், புருஷன் என்றெல்லாம் பொருள் உண்டு. அதனால்தான் 2:16ல், இனி என்னைப் பாகாலி என்று கூப்பிடாமல் ஈஷி என்று கூப்பிடுவாய் என்கிறார். இரண்டுக்கும் "என் புருஷன்" என்றே பொருள். ஒன்றில் உடைமைக்காரனின் வாடை, மற்றதில் உறவு.

"மறப்பது" என்றால் ஞாபகமறதியா? எபிரெயத்தில் என்ன பொருள்?

தெரிந்திருந்தும் கணக்கில் எடுக்காமல் போவது என்ற பொருளில்தான் வேதாகமத்தில் பல இடங்களில் இந்தச் சொல் வருகிறது. தமிழில் பொச்சாப்பு என்று ஒரு பழைய சொல் உண்டு. மகிழ்ச்சியின் மிகுதியில் வரும் சோர்வு, அதனால் வரும் மறதி. இந்த வசனத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நான் சின்னப் பையனாக இருந்தபோது அம்மா உழக்கில் அரிசி அளந்து சுளகில் கொட்டுவாள். களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு கைப்பிடி திரும்ப எடுப்பாள். அடுப்புத் திண்டில் ஒரு பால் பவுடர் டப்பா இருக்கும், மூடி நசுங்கியது. "ஆண்டவருக்கு" என்று சொல்லிக்கொண்டே அதில் போடுவாள். பிடி அரிசிக் காணிக்கை. நம் சபைகளில் பலருக்குத் தெரியும். சில நாள் உழக்கே நிறைந்திருக்காது, ஆனாலும் கை போகும். கொஞ்சமாக எடுப்பாள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசியை மஞ்சள் பைக்குள் கட்டிக்கொண்டு நான்தான் தூக்கிப் போவேன்.

எனக்கு வேலை கிடைத்தது. மாதம் ஒரு 25 கிலோ மூட்டை வீட்டுக்கு வந்தது. குக்கர் வந்தது. காணிக்கை உறையில் நாங்கள் போட்ட பணம் அந்தப் பிடி அரிசியைவிடப் பல மடங்கு. வருஷக் கடைசி அறிக்கையில் எங்கள் பேருக்கு எதிரே நல்ல தொகை இருந்தது. அம்மா காலமான பிறகு பரணை ஒழித்தபோது அந்த டப்பா கிடைத்தது. உள்ளே துருப்பிடித்த ஆணிகளும் ஒரு சுருள் ஃபியூஸ் கம்பியும். அரிசி போடுவது எந்த வருஷம் நின்றது என்று வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. நிறுத்துவோம் என்று யாரும் முடிவு எடுக்கவில்லை.

ஒவ்வொரு நாளும், சோறு பொங்குவதற்கு முன், "இது வந்தது" என்று ஒரு கை ஒத்துக்கொண்டிருந்தது. உறையில் அது இல்லை. உறையில் "நான் கொடுக்கிறேன்" இருந்தது. ஓசியா 10:1ஐ நான் சரியாக வாசித்தது அந்த ஆணிகளைக் கொட்டிய நாளில்தான்.

இதை மோசே முன்பே சொல்லவில்லையா?

சொல்லிவிட்டார். உபாகமம் 8ஆம் அதிகாரம் முழுவதும் இதுதான். சாப்பிட்டுத் திருப்தியாவாய், நல்ல வீடு கட்டுவாய், ஆடுமாடு பெருகும், பொன்னும் வெள்ளியும் பெருகும், அப்போது இருதயம் மேட்டிமையடையும், தேவனை மறப்பாய். ஓசியா 13:6ல் வருவதும் இதே வரிசை: திருப்தி, மேட்டிமை, மறதி. பெரிய பாட்டை மூன்று சொல்லில் சுருக்கியது போல. அந்த இருதயம் தனக்குள் சொல்லிக்கொள்ளும் வார்த்தையும் உபாகமம் 8:17ல் இருக்கிறது: "என் சாமர்த்தியமும் என் கைப்பெலனும் இந்த ஐசுவரியத்தை எனக்குச் சம்பாதித்தது."

பலர் கவனிக்காமல் போகும் ஒன்று உண்டு. நாம் சாப்பிடுவதற்கு முன் ஜெபிக்கிறோம். நல்ல பழக்கம். ஆனால் உபாகமம் 8:10 கேட்பது சாப்பிட்ட பிறகு: புசித்துத் திருப்தியானபோது அவரை ஸ்தோத்திரி. யூதர்கள் இந்த வசனத்தின் பேரில்தான் சாப்பாட்டுக்குப் பிறகு நீண்ட ஸ்தோத்திரம் சொல்கிறார்கள். பசியோடு இருப்பவனுக்குக் கேட்கத் தெரியும், யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. இலையை மடித்துவிட்டு எழும்பும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்று மோசேக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் வேதபாடத்தில் சில குடும்பங்கள் இப்போது கை கழுவிய பிறகும் ஒரு நிமிஷம் உட்காருகிறார்கள்.

அப்படியானால் செழிப்பே பாவமா? ஏழையாக இருந்தால்தான் பக்தியா?

இல்லை. ஓசியா புஸ்தகம் அப்படிச் சொல்ல இடமே தரவில்லை. தானியமும் ரசமும் எண்ணெயும் கொடுத்தவர் தேவன். 2:22ல் அதே மூன்றையும் திரும்பவும் வாக்குக் கொடுக்கிறார். மேய்ச்சலுக்குள் கூட்டிக்கொண்டு போனவரும் மேய்ப்பர்தான்.

வறுமைக்கும் தன் சோதனை உண்டு. நீதிமொழிகள் 30ல் ஆகூர் செய்யும் ஜெபத்தை நான் பலருக்கு மனப்பாடம் செய்யச் சொல்வேன். தரித்திரமும் வேண்டாம், ஐசுவரியமும் வேண்டாம், "என் படியை எனக்கு அளந்து" என்னைப் போஷியும் என்கிறார். நிறைந்துவிட்டால் கர்த்தர் யார் என்று கேட்டுவிடுவேன், இல்லாமல் போனால் திருடிவிடுவேன். தன்னை இத்தனை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கும் மனிதனை வேதத்தில் வேறு எங்கும் பார்ப்பது அரிது. நம் ஊரில் "படியளக்கிறவர்" என்று தேவனைச் சொல்லும் வழக்கம் மதபேதமில்லாமல் உண்டு. அந்தப் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் "படி" என்ற சொல்லை எடுத்தபோது அதெல்லாம் கூடவே வந்துவிட்டது.

ஆசீர்வாதம் என்றாலே பணம்தான் என்று சொல்லும் போதனையைப் பற்றி?

ஓசியா 7:14 போதும். தேவன் சொல்கிறார்: படுக்கையில் அலறுகிறார்கள், ஆனால் இருதயத்தில் என்னைக் கூப்பிடுவதில்லை; "அவர்கள் தானியத்துக்காகவும் திராட்சரசத்துக்காகவும் கூடுகிறார்கள்." கூட்டம் இருக்கிறது, அழுகையும் இருக்கிறது. தேவனுக்காக அழுகிறவர் இல்லை.

மறந்துவிட்டோம் என்பது வெளியே எப்படித் தெரியும்?

ஓசியா தராசைக் காட்டுகிறார். 12:7: "அவன் வியாபாரி, கள்ளத்தராசு அவன் கையில் இருக்கிறது." எபிரெயத்தில் வியாபாரி என்பதற்கு இங்கே வரும் சொல் கானான். கானானியர் வியாபாரத்தில் பேர்பெற்றவர்கள், அதனால் அந்தப் பெயரே தொழிலுக்கும் ஆகிவந்தது. யாருடைய தேசத்துக்குள் வாக்குத்தத்தத்தோடு வந்தார்களோ அவர்களாகவே மாறிவிட்டார்கள் என்ற குத்தல் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. தமிழில் வாசிக்கும்போது அது நமக்குக் கேட்பதில்லை.

அடுத்த வசனத்தில் எப்பிராயீம் (வடக்கு இஸ்ரவேலை ஓசியா அழைக்கும் பேர்) பதில் சொல்கிறான்: "நான் ஐசுவரியவானானேன், நான் பொருளைச் சம்பாதித்தேன்." என் பிரயாசத்தில் ஒரு அக்கிரமமும் கண்டுபிடிக்கப்படாது என்றும் சேர்த்துக்கொள்கிறான். பணம் வந்ததே தன் நேர்மைக்குச் சாட்சி என்பது அவன் வாதம்.

ஆகவே என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்குக் கடைசியாக எப்போது சம்பளம் கூட்டினீர்கள்? காய்கறிக்காரம்மாவிடம் அஞ்சு ரூபாய்க்கு இன்னும் பேரம் பேசுகிறீர்களா? ஓசியா 6:6ல் பலியைவிட இரக்கத்தை விரும்புகிறேன் என்று தேவன் சொன்னதை, மத்தேயு சுவிசேஷத்தில் இயேசு இரண்டு இடங்களில் (9:13, 12:7) எடுத்துச் சொல்கிறார். இரண்டு முறையும் மத ஒழுங்கில் சரியாக இருந்தவர்களிடம்.

13:7, 8ல் தேவன் தம்மைச் சிங்கம், சிவிங்கி, குட்டிகளைப் பறிகொடுத்த கரடி என்கிறார். இது பழிவாங்கும் தேவனா?

கடினமான வசனங்கள், மழுப்பக் கூடாது. மேய்ச்சல் கொடுத்த மேய்ப்பர், மந்தையின்மேல் பாயும் மிருகமாக மாறுகிறார். கேட்டவர்கள் நடுங்கியிருப்பார்கள்.

ஆனால் மூன்றாவது மிருகத்தைக் கவனியுங்கள். பசித்த கரடி இல்லை, குட்டிகளை இழந்த கரடி. அந்தக் கோபத்துக்குள் ஒரு தாய் இருக்கிறாள். இரண்டு அதிகாரம் முன்னால் 11:3ல், எப்பிராயீமைக் கைபிடித்து நடக்கப் பழக்கினேன் என்கிறார். 11:8ல் "எப்பிராயீமே, நான் உன்னை எப்படிக் கைவிடுவேன்?" என்று அவருக்குள்ளேயே குழம்புகிறார். இந்தக் குரலைக் கேட்டுவிட்டுத்தான் 13ஆம் அதிகாரத்துக்குள் போக வேண்டும்.

எச்சரித்தபடி நடந்ததா?

நடந்தது. யெரொபெயாம் இறந்து இருபத்தைந்து வருஷத்துக்குள் ஆறு ராஜாக்கள். சகரியா ஆறு மாதம், சல்லூம் ஒரு மாதம். ஆறு பேரில் நாலு பேர் கொலையுண்டவர்கள். கி.மு. 745ல் மூன்றாம் திகிலாத்பிலேசர் அசீரியாவில் ஏறினார், அந்த இடைவெளி மூடிவிட்டது. மெனாகேம் ராஜா அவருக்கு 1,000 தாலந்து வெள்ளி கட்ட வேண்டி வந்தது. பலத்த ஐசுவரியவான்கள்மேல் தலைக்கு 50 சேக்கல் போட்டார் என்று 2 இராஜாக்கள் 15:20 சொல்கிறது. ஒரு தாலந்து 3,000 சேக்கல். கணக்குப் போட்டுப் பாருங்கள், 60,000 பேர். அந்தச் சின்ன தேசத்தில் அத்தனை வசதியுள்ளவர்கள் இருந்திருக்கிறார்கள். செழிப்பின் அளவு தெரிவதே அது பறிபோகும் ரசீதில்தான்.

கி.மு. 722ஐ ஒட்டி சமாரியா விழுந்தது. 27,290 பேரைச் சிறைப்பிடித்ததாக இரண்டாம் சர்கோன் தன் கல்வெட்டில் எழுதிக்கொண்டார்.

அப்படியானால் ஒருவருக்குத் தொழில் நஷ்டம் வந்தால் அது தேவனை மறந்ததற்குத் தண்டனையா?

இல்லை. ஒரு தேசத்தைப் பற்றி ஒரு தீர்க்கதரிசி பேசியதை எடுத்து, பக்கத்து வீட்டுக்காரரின் கடன்மேல் ஒட்டக் கூடாது. யோபுவின் சிநேகிதர்கள் அதைத்தான் செய்தார்கள், தேவன் அவர்கள்மேல் கோபப்பட்டார்.

வெளிநாடு போய்ச் சம்பாதித்த பிறகு சபையை மறந்துவிட்ட என் தம்பிக்கு இந்த வசனத்தை அனுப்பலாமா?

பலர் கேட்டுவிட்டார்கள். அனுப்பாதீர்கள் என்பதே என் பதில். ஓசியா அடுத்தவன் வீட்டிலிருந்து தொடங்கவில்லை. தனக்கு உண்மையாயிராத மனைவி கோமேரிடமிருந்து தொடங்கினார். தன் பிள்ளைகளுக்கு லோருகாமா, லோகம்மீ என்று பேர் வைத்தார். இரக்கம் பெறாதவள், என் ஜனமல்ல என்று பொருள். அந்தப் பேரைச் சொல்லித்தான் தினமும் அவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருப்பார். பிறகு 3ஆம் அதிகாரத்தில் 15 வெள்ளிக்காசும் கொஞ்சம் வாற்கோதுமையும் கொடுத்து ஒரு பெண்ணை வாங்கிக் கூட்டிவருகிறார்; அது கோமேர்தான் என்றே பலர் வாசிக்கிறார்கள். அந்த விலையைக் கொடுத்தவருக்கு இந்த வார்த்தையைச் சொல்ல உரிமை இருந்தது. தம்பிக்கு ஃபோன் போட்டு சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

எப்பிராயீம் என்று ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறார்?

வடக்கு ராஜ்யத்தின் முக்கியக் கோத்திரம் அது. ஆனால் பெயரிலும் விஷயம் இருக்கிறது. யோசேப்பு எகிப்தில் தன் இரண்டாவது மகனுக்கு இந்தப் பேரை வைத்தார்; தான் சிறுமைப்பட்ட தேசத்தில் தேவன் தன்னைப் பலுகப்பண்ணினார் என்ற நன்றியில். பேரே பலன், கனி. ஓசியா அந்தச் சொல்லோடு விளையாடுகிறார்: 9:16ல் எப்பிராயீம் கனி கொடுக்கமாட்டான் என்கிறார்.

ஓசியா சொல்லாததையும் ஒன்று சேர்க்கிறேன், என் சொந்த யோசனையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். யோசேப்பின் மூத்த மகன் மனாசே. அந்தப் பேருக்கு மறக்கச்செய்தல் என்று பொருள். தன் வருத்தத்தையெல்லாம் மறக்கப்பண்ணினதற்காக யோசேப்பு வைத்த பேர். சமாரியா பட்டணம் இருந்தது மனாசேயின் பங்கில். வருத்தத்தை மறக்கச் செய்தவரை நன்றியோடு நினைத்து வைத்த பேர் அது. அந்த மண்ணில் குடியிருந்தவர்கள் அவரையே மறந்துபோனார்கள்.

திரும்புவதற்கு வழி சொல்கிறாரா?

சொல்கிறார், இரண்டு இடத்தில். முதலாவது 2:14, 15. அவளுக்கு நயங்காட்டி வனாந்தரத்துக்கு அழைத்துப்போவேன், "நம்பிக்கையின் வாசலாக ஆகோரின் பள்ளத்தாக்கை" கொடுப்பேன். ஆகோர் எந்த இடம் தெரியுமா? யோசுவா 7. வாக்குத்தத்த தேசத்தில் முதல் பட்டணம் விழுந்ததும், ஆகான் ஒரு பாபிலோனிய சால்வையையும் 200 சேக்கல் வெள்ளியையும் 50 சேக்கல் நிறையுள்ள பொன் பாளத்தையும் எடுத்துத் தன் கூடாரத்துக்குள் புதைத்தான். அவனைக் கல்லெறிந்த பள்ளத்தாக்கு அது. அந்த தேசத்தில் பொருளாசை முதன்முதலாக வெளிப்பட்ட இடத்தைப் பெயர் சொல்லி எடுத்து, அங்கே வாசல் வைக்கிறார் தேவன்.

இரண்டாவது கடைசி அதிகாரம். 14:2ல், வார்த்தைகளைக்கொண்டு கர்த்தரிடத்தில் திரும்புங்கள் என்கிறார். காளை கொண்டுவாருங்கள் என்று சொல்லவில்லை. என்ன வார்த்தை என்பதையும் அவரே சொல்லிக்கொடுக்கிறார்: அசீரியா எங்களை இரட்சிப்பதில்லை, குதிரைகள்மேல் ஏறமாட்டோம், எங்கள் கையின் கிரியையைத் தேவன் என்று சொல்லமாட்டோம். கடைசியில் "திக்கற்றவன் உம்மிடத்தில் இரக்கம் பெறுகிறான்". வல்லரசையும் படையையும் சொந்தச் சாமர்த்தியத்தையும் ஒவ்வொன்றாகக் கீழே வைத்துவிட்டுத் திக்கற்றவனாக நிற்பது. வனாந்தரத்தில் நின்ற அதே நிலை.

குடும்ப ஜெபத்தில் இதை வாசிக்க வேண்டுமானால் எங்கே தொடங்குவது?

11ஆம் அதிகாரத்தில் தொடங்குங்கள். பிறகு 2, 13, 14. பிள்ளைகள் இருந்தால் பனியைத் தேடச் சொல்லுங்கள். 6:4ல், உங்கள் பக்தி விடியற்காலப் பனிபோல ஒழிந்துபோகிறது. 13:3ல் அவர்களே அந்தப் பனிபோல் ஆவார்கள். 14:5ல் தேவன் "நான் இஸ்ரவேலுக்குப் பனியைப்போலிருப்பேன்" என்கிறார். அந்த நாட்டில் கோடை முழுவதும் மழை கிடையாது. திராட்சைக்கு ராத்திரிப் பனியின் ஈரம்தான் துணை.

பனி முடிந்ததும் கனியைத் தேடச் சொல்லலாம். 10:1ல் இஸ்ரவேல் தனக்குத்தானே கனிகொடுக்கும் திராட்சச்செடி. கடைசிப் பக்கத்தில் 14:8ல், எப்பிராயீமின் பேருக்கே பதில் போல ஒரு வரி இருக்கிறது: "என்னாலே உன் கனியுண்டாயிற்று."